பெண் வீட்டு என்ஜினும் மாப்பிள்ளை வீட்டு என்ஜினும்

போன மாதம் ஒரு நாள் காலையில் மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். வாயில் இரண்டு கிளிப். பெங்களூர்ப் பக்கமிருந்து, கனத்த தொண்டைக்காரர் ஒருவர் தூக்கத்தில் முனகுவது மாதிரி ஒரு சத்தம் தாழ்வாக வந்தது. எதிர் வீட்டுப் பெண் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். “ஆன்ட்டி, பாருங்க, ஏதோ பழைய பிளேன்!” என்றாள். நான் தலையைத் தூக்காமலே, “டகோட்டா. ரெண்டு என்ஜின். அமெரிக்கா” என்றேன்.

அவள் போனில் எதையோ தேடிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அதுவரை அவள் என்னிடம் கேட்டதெல்லாம் புளிக்காய்ச்சலுக்குப் பெருங்காயம் எப்போது போடுவது என்பதுதான்.

உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? எனக்கு விமானத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஏறியதே நாலைந்து தடவை. அதிலும் கண்ணை இறுக மூடிக்கொண்டு வேதாகமத்துச் சங்கீதம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் அறுபதுகளின் கடைசியில் என் கல்யாணம் ஒரு தடவை நின்றுபோனது. அதற்குக் காரணம் இந்தச் சத்தம்தான். அப்படிப்பட்ட சத்தத்தை ஒரு பெண் மறப்பாளா?

கிளிப்பின் துரு நாக்கில் பட்டதும் அப்பாவின் சட்டை வாசனை வந்துவிட்டது. இரும்பு, மண்ணெண்ணெய், கொஞ்சம் வியர்வை. அப்பா சாலமோன் உலகச் சண்டைக் காலத்தில் விமானப்படை மெக்கானிக். பர்மா எல்லையில் மூங்கில் கொட்டகைக்குக் கீழே ஸ்பிட்ஃபயர் என்ற சண்டை விமானத்தைப் பழுது பார்த்தவர். அது வெள்ளைக்காரனின் விமானம். அதன் என்ஜினுக்கு மெர்லின் என்று பெயர். சண்டை முடிந்து, படையை விட்டு வந்து, ஓசூர் நெடுஞ்சாலை ஓரத்தில் லாரி ரிப்பேர் ஷெட் போட்டார். ஷெட்டுக்கு ‘மெர்லின் மெக்கானிக் ஒர்க்ஸ்’ என்று பெயர் வைத்தார். என் தங்கைக்கும் அதே பெயர்தான். ஞானஸ்நானத்தன்று எங்கள் சர்ச் போதகர், “இந்தப் பேரு வேதாகமத்துல எங்க வருது?” என்று கேட்டாராம். அப்பா யோசிக்காமல், “அது பின்னாடி வந்ததுங்க ஐயா” என்றாராம். நான் பிறந்தபோது அப்பா பர்மா எல்லையில் இருந்தார். அம்மாவே பெயர் வைத்துவிட்டாள். தப்பித்தேன்.

ஷெட்டுக்கு வருகிற எந்த லாரியையும் அப்பா முதலில் காதால்தான் பார்ப்பார். கேட்டுவிட்டு ஒரு பெருமூச்சு விடுவார். “மெர்லின் பாடும். இது கனைக்குது” என்பார். லாரி டிரைவர்கள் பாவம், தங்கச்சிப் பாப்பா பாட்டுக் கற்றுக்கொள்கிறாள் என்று நினைத்துக்கொண்டு தலையாட்டுவார்கள்.

நான் அப்போது பாகலூர்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். தினமும் ஓசூரிலிருந்து பஸ். அந்த பஸ்ஸின் கண்டக்டர், “டிக்கெட் தகொளம்மா, கொஞ்சம் ஜரகண்டி, முன்னாடி போங்க” என்று கன்னடம், தெலுங்கு, தமிழ் மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார். முன்னாடி போன ஒரு நாளில்தான் லூர்துசாமியைப் பார்த்தேன். பாகலூர் மாட்டு ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். வீடு கிருஷ்ணகிரியில், வேலைக்காக ஓசூரில் அறை எடுத்துத் தங்கியிருந்தார். கொம்பு சீவிய காளையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறுகையால் ஊசி போடுவார் என்று ஊரில் பேச்சு. என்னிடம் “மணி என்னங்க” என்று கேட்க அவருக்கு ஆறு மாதம் ஆயிற்று. அவர் கையிலேயே கடிகாரம் இருந்தது. நானும் அதைப் பார்க்காத மாதிரி மணி சொன்னேன்.

எங்களுக்கு இருந்த ஒரே பயம் மதம். இரண்டு வீடும் கிறிஸ்தவ வீடுதான், ஆனாலும் நாங்கள் சி.எஸ்.ஐ. பக்கத்து ஆட்கள், அவர்கள் ரோமன் கத்தோலிக்கர்கள். வெளியாட்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். உள்ளே இருப்பவர்களுக்கு, நாங்கள் சர்ச் என்போம், அவர்கள் கோயில் என்பார்கள். நாங்கள் ஆராதனை, அவர்கள் பூசை. எங்கள் வீட்டில் வசனக் காலண்டர், அவர்கள் வீட்டில் மாதா சுரூபம். இதைத் தாண்டி ஒரு கல்யாணம் நடப்பதென்றால் இரண்டு பக்கமும் பெரிய மனிதர்கள் தொண்டையைச் சரிசெய்துகொண்டு காத்திருப்பார்கள்.

அவர்கள் பெண் பார்க்க வரப்போகிறார்கள் என்றதும் அம்மா ஒரு வாரம் தூங்கவில்லை. மாதாவைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது, பாவத்தைச் சாமியாரிடம் சொல்கிற பாவசங்கீர்த்தனம் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது என்று போதகரிடம் போய்ப் பாடம் கேட்டுக்கொண்டு வந்தாள். அந்தப் பக்கத்தில் லூர்துவின் அப்பாவும் பங்குச் சாமியாரிடம் போய் அதையே செய்தார் என்று பின்னால் தெரிந்தது.

வந்தார்கள். லூர்துவின் அப்பா இன்னாசிமுத்து, கிருஷ்ணகிரியில் பம்ப்செட் ரிப்பேர் கடை வைத்திருந்தவர். குட்டையான, பளபளப்பான மனிதர். நாற்காலியில் உட்காரப் போனவர் பாதியிலேயே நின்றுவிட்டார். சுவரில் வசனக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒரு புகைப்படம். மூங்கில் கொட்டகை, சட்டையில்லாத நாலு பேர், பின்னால் ஒரு விமானம். கிட்டே போய் மூக்கு ஒட்டுகிற மாதிரி பார்த்தார்.

“ஸ்பிட்ஃபயருங்களா? எட்டாம் மார்க்கு?”

அப்பா கையிலிருந்த கேசரித் தட்டைக் கீழே வைத்துவிட்டார். அந்த ஊரில் இருபது வருஷத்தில் அந்த விமானத்தின் பெயரைக்கூட யாரும் சரியாகச் சொன்னதில்லை. இவர் எந்த மாடல் என்று மார்க்கே சொல்கிறார்!

“உங்களுக்கு எப்படிங்க தெரியும்?”

“நானும் சண்டையில என்ஜின் வேலைதானுங்க. பெங்களூர்ல, அமெரிக்காக்காரன்கிட்ட.”

இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். கதவு இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. கர்த்தர் எங்கேயோ ஒரு கொட்டகைக்குக் கீழே என் கல்யாணத்தை முன்கூட்டியே நிச்சயம் பண்ணி வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். பிறகு அப்பா கேட்டார்: “என்ன என்ஜின் உங்களுது?”

“ட்வின் வாஸ்ப்புங்க. டகோட்டாவுக்கும் அதான், குண்டு போடுற லிபரேட்டருக்கும் அதான்.”

“ஓ” என்றார் அப்பா. அந்த ‘ஓ’வை எனக்குத் தெரியும். கனைக்கிற லாரிகளுக்குச் சொல்கிற ‘ஓ’.

கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், நானே இதைப் பல வருஷம் கேட்டுக் கேட்டுத்தான் புரிந்துகொண்டேன். மெர்லினில் பன்னிரண்டு சிலிண்டர்கள், பந்தியில் எதிரெதிரே உட்கார்ந்த மாதிரி இரண்டு வரிசை. தண்ணீர் ஓடி அதைக் குளிர்விக்கும். ட்வின் வாஸ்ப்பில் பதினான்கு சிலிண்டர்கள், கூட்டாஞ்சோற்றுக்கு உட்கார்ந்த மாதிரி வட்டமாக இருக்கும். அதற்குத் தண்ணீர் கிடையாது. எதிர்க்காற்றே குளிர்விக்கும். அவ்வளவுதான் வித்தியாசம். இதற்காக ஒரு பெண்ணின் வாழ்க்கை.

“தண்ணி என்ஜின்னா ஒரு பயம் இருக்குதுங்களே” என்றார் இன்னாசிமுத்து, மிகப் பணிவாக. “குழாயில ஒரு குண்டு பட்டாப் போதும். தண்ணி ஒழுகி, சூடாகி, நின்னுரும். நம்மளுதுல ரெண்டு சிலிண்டர் தெறிச்சாக்கூட மிச்சம் பன்னண்டும் ஆளைப் பத்திரமா ஊடு கொண்டாந்து சேர்த்துடும்.”

“சேர்க்கும், சேர்க்கும். அதுக்குள்ள ஒரு பீப்பா எண்ணெ குடிச்சிருக்கும். பாதி உள்ள, பாதி வழியெல்லாம்.”

“எண்ணெ ஒழுகுதுன்னா உள்ள எண்ணெ இருக்குதுன்னு அர்த்தமுங்க. ஒழுகலன்னாத்தான் பயப்படணும். அது சரி, உங்க மெர்லின் மூக்கைக் கீழ சாய்ச்சா இருமுமாமே?”

“அது ஆரம்பத்துல! சரி பண்ணியாச்சு. ஒரு சின்னத் தகடு போட்டு.”

“யாரு சரி பண்ணது?” என்று அம்மா நடுவில் கேட்டாள், பேச்சை மாற்றலாம் என்று.

“அங்க ஒரு என்ஜினியரம்மா” என்றார் அப்பா, வேண்டாவெறுப்பாக.

“அதானே” என்றாள் அம்மா.

அம்மாவால் முடிந்தது அவ்வளவுதான். குரல்கள் ஏறின. அப்பா கடைசியில், “என்ன இருந்தாலும் உங்களுது மூட்ட தூக்குற வண்டிங்க. எங்களுது சண்டைக்குப் போனது” என்றார். இன்னாசிமுத்து எழுந்து நின்றுவிட்டார். “எங்க டகோட்டா மூட்ட தூக்கிக்கிட்டு வரலன்னா, அந்தக் காட்டுல உங்க ஸ்பிட்ஃபயருக்கு பெட்ரோல் ஏதுங்க? உங்களுக்கே அரிசி ஏதுங்க?”

அது உண்மை. அப்பாவே பலமுறை எங்களுக்குச் சொன்ன உண்மை. அதனால்தான் அவரால் தாங்க முடியவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். “உங்களுக்கு பஸ்ஸுக்கு நேரமாவுதுங்களே” என்றார். விருந்தாளியைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதற்கு எங்கள் பக்கத்தில் இதைவிட மரியாதையான வார்த்தை கிடையாது.

லூர்து அவ்வளவு நேரமும் கேசரியையே பார்த்துக்கொண்டிருந்தார். காளை மாட்டிடம் காட்டுகிற வீரத்தில் ஒரு ஸ்பூன் அளவாவது அங்கே காட்டியிருக்கலாம். காட்டவில்லை.

அம்மா தலையில் கைவைத்துக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்துவிட்டாள். “வேதத்துக்காகச் சண்ட போட்டிருந்தாக்கூட நாலு பேருகிட்ட சொல்லிக்கலாம். என்ஜினுக்காகக் கல்யாணம் நின்னுபோச்சுன்னு நான் எந்த வாயால சொல்லுவேன்?” என்று அழுதாள்.

அவள் சொல்லவேண்டிய அவசியம் வரவில்லை. கல்யாணம் நின்றது என்றதும் காரணத்தை ஊரே முடிவு செய்துகொண்டது. அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் போதகர், எத்தனை நெருக்கடி வந்தாலும் விசுவாசத்தை விட்டுக்கொடுக்காத ஒரு தகப்பன் நம் நடுவில் இருக்கிறார் என்று உருகினார். எல்லோரும் திரும்பி அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அதைத் தாழ்மை என்று எடுத்துக்கொண்டார்கள். கிருஷ்ணகிரியிலும் பூசையில் சாமியார் ஏறக்குறைய இதையே சொல்லியிருக்கிறார். இன்னாசிமுத்துவும் தலையைக் குனிந்திருக்கிறார். இரண்டு சபைகளுக்கும் இப்படி ஒரே சமயத்தில் வெற்றி கிடைத்தது அந்த வட்டாரத்தில் அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும்.

லூர்து சமாதானத்துக்கு ஒரு வழி கண்டுபிடித்தார். பெங்களூர் பழைய சாமான் மார்க்கெட்டில் சண்டைக் காலத்து ஸ்பேனர் செட் ஒன்று, எண்ணெய்த் துணியில் சுற்றியபடி புதுசாகக் கிடைத்ததாம். வாங்கி, என்னிடம் கொடுத்து, அப்பாவுக்குப் பரிசாகத் தரச் சொன்னார். அப்பா ஆசையாகத்தான் பிரித்தார். ஒரு ஸ்பேனரை எடுத்து ஒரு போல்ட்டில் மாட்டினார். அது சுற்றிக்கொண்டு நழுவியது. இன்னொன்றை எடுத்தார். அதுவும் நழுவியது. வெள்ளைக்காரன் போல்ட்டுக்கு ஒரு அளவு, அமெரிக்காக்காரன் போல்ட்டுக்கு வேறு அளவு. பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், பிடிக்காது. மாட்டுக் கம்பவுண்டருக்கு இது எங்கே தெரியும்?

“அமெரிக்கா அளவு!” என்றார் அப்பா. “என் ஷெட்டுக்குள்ளயே அனுப்பி வெச்சிருக்கான் பாரு, அந்த இன்னாசி!”

செட் திரும்பிப் போனது. பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு லூர்து சொன்னார், “நான் இரும்புன்னு வாங்கினேங்க. இரும்புல இத்தனை சாதி இருக்கும்னு தெரியாது.” அன்றைக்குத்தான் இந்த மனிதரை விடக்கூடாது என்று முடிவு செய்தேன்.

அடுத்த யோசனை என்னுடையது. மஸ்டாங் என்று ஒரு விமானம் உண்டு, உடம்பு அமெரிக்காவுடையது, முதலில் போட்ட என்ஜின் உயரத்தில் திணற, மெர்லினை வைத்த பிறகுதான் அது பேரெடுத்தது என்று அப்பா எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது. இதைவிட அழகான கல்யாணப் பத்திரிகை உண்டா? அப்பாவிடம் பக்குவமாக எடுத்துச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது.

“அட ஆமா! இத நான் அன்னிக்கே சொல்லியிருக்கணும். மெர்லின் வெச்சாத்தான் அவன் பிளேனே பறக்குதுன்னு அந்தாளுகிட்ட போய்ச் சொல்லச் சொல்லு உன் கம்பவுண்டரை!”

சொல்லி அனுப்பினேன். பதில் திங்கட்கிழமை பஸ்ஸில் வந்தது. “அந்த மஸ்டாங்குல வெச்ச மெர்லினையே அமெரிக்காவுல, அமெரிக்காக்காரன்தான் செஞ்சான்னு சொல்லச் சொன்னாரு.” செவ்வாய் அப்பாவின் மறுமொழி போனது: செய்தவன் யாராக இருந்தால் என்ன, பிளான் யாருடையது? புதன் அதற்கு மறுப்பு. காதலிக்கிறவர்களுக்குப் பேச ஆயிரம் இருக்கும். நாங்கள் ஓசூரிலிருந்து பாகலூர் வரை காற்றழுத்தம், கார்புரேட்டர் என்று பேசிக்கொண்டு போனோம். கண்டக்டர் ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் கேட்டார்: “ஏனம்மா, ரெண்டு பேரும் சேர்ந்து ஏரோப்ளேன் வாங்கப் போறீங்களா?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்றைக்கு லூர்து, பஸ்ஸை விட்டு இறங்குவதற்கு முன், காளைக்கு ஊசி போடுகிற முகத்தோடு சொன்னார்: “ரிஜிஸ்டர் ஆபீஸ் போயிரலாங்க. உங்களுக்குச் சம்மதமா?” சம்மதம் என்றேன். அன்று சாயங்காலமே அவர் கிருஷ்ணகிரிக்குப் போய் அவர் வீட்டிலும், நான் எங்கள் வீட்டிலும் சொல்லிவிட்டோம்.

அந்தக் காலத்தில் சர்ச்சும் இல்லாமல் கோயிலும் இல்லாமல் கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் என்பது சாதாரண விஷயமா? அடுத்த நாள் மத்தியானம் இன்னாசிமுத்து கிடைத்த பஸ்ஸைப் பிடித்து எங்கள் ஷெட்டுக்கே வந்துவிட்டார். இதை எப்படியாவது தடுக்க வேண்டும் என்பதில் அவருக்கும் அப்பாவுக்கும் ஒரே கருத்துதான். ஆனால் யார் முதலில் வாயைத் திறப்பது? பள்ளிக்கூடம் அரை நாள். நான் வந்து பார்க்கும்போது ஷெட் வாசலில் ஆளுக்கொரு பழைய டயர் மேல் உட்கார்ந்து, ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்கள். என்னையும் பார்க்கவில்லை.

அப்போதுதான் பெங்களூரிலிருந்து ஒரு ஜெட் வந்தது. அங்கே புது ஜெட்களைச் செய்து, ஓட்டிப் பார்க்க எங்கள் பக்கம் அனுப்புவார்கள். வானத்தையே வேட்டியைக் கிழிப்பது மாதிரி கிழித்துக்கொண்டு தலைக்கு மேலே போனது. ஷெட்டின் தகரக் கூரை அதிர்ந்தது. பக்கத்து வீட்டுக் கோழிகள் சிதறி ஓடின. டீயில் துரு விழுந்தது.

இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். இரண்டு முகத்திலும் ஒரே அருவருப்பு, ஒரே அச்சில் வார்த்த மாதிரி.

“இதெல்லாம் ஒரு என்ஜினா?” என்றார் இன்னாசிமுத்து, யாரிடம் என்று இல்லாமல்.

அப்பா டீயில் விழுந்த துருவைச் சுண்டுவிரலால் எடுத்துப் போட்டார். “என்ஜினா? அடுப்பு ஊதுற குழலு. சிலிண்டர் இல்ல, பிஸ்டன் இல்ல. ஒரு பக்கம் மண்ணெண்ண ஊத்தறான், மறுபக்கம் நெருப்பா வருது. இதுல மெக்கானிக்குக்கு என்ன வேல இருக்குது சம்பந்தி?”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. இன்னாசிமுத்து டயரைத் தரையோடு இழுத்து அப்பாவின் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். “அதச் சொல்லுங்க சம்பந்தி” என்றார்.

அன்று சாயங்காலம் வரை இரண்டு பேரும் ஜெட்டைத் திட்டினார்கள். எந்தக் கோயிலில் தாலி, எந்தப் போதகர், எந்தச் சாமியார் என்பதெல்லாம் நடுவில் கால் மணி நேரத்தில், அதிகம் யோசிக்காமல் முடிந்துவிட்டது. கத்தோலிக்கக் கோயிலில் கல்யாணம், எங்கள் சர்ச் ஹாலில் சாப்பாடு. போதகருக்கும் சாமியாருக்கும் முகம் விழுந்துபோனது. விசுவாச வீரர்கள் இரண்டு பேரையும் அவர்கள் ஒரே வாரத்தில் இழந்தார்கள். கல்யாணத்தன்று பந்தியில் அப்பாக்கள் இரண்டு பேரையும் காணோம் என்று தேடினால், சாப்பாடு ஏற்றிவந்த வேனின் என்ஜின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு தலையில் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

வருஷங்கள் கழித்து ஏதோ ஒரு பத்திரிகையில் படித்தேன்: அந்தக் காலத்தில் பெங்களூரில் செய்த ஜெட்களில் பலவற்றுக்கு வெள்ளைக்காரன் பிளான் போட்ட என்ஜின்தான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பாவிடம் போய், “நீங்க அன்னிக்குத் திட்டினது உங்க வெள்ளைக்காரன் என்ஜினையேதானாமேப்பா, உங்களுக்குத் தெரியாதா?” என்று கேட்டேன்.

அப்பா முகம் கழுவிக்கொண்டிருந்தார். துண்டால் துடைத்துக்கொண்டே, “தெரியும்மா” என்றார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, “அவருக்கும் தெரியும்” என்றார்.

கல்யாணத்துக்குப் பிறகு சண்டை நின்றுவிட்டது என்று நினைக்காதீர்கள். அது இடம் மாறி எங்கள் வீட்டுக்கு வந்தது. ஒவ்வொரு ஞாயிறும் ஒருவர் ஆராதனை முடிந்தும் மற்றவர் பூசை முடிந்தும் வந்து, ஆட்டுக்கறிக் குழம்போடு சாப்பிட்டுவிட்டு, வராந்தாவில் எதிரெதிரே நாற்காலி போட்டு ஆரம்பிப்பார்கள். பிள்ளைகள் அந்தக் கூச்சலில்தான் வளர்ந்தன. நானும் லூர்துவும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே சிரிப்போம். இரண்டு பேரும் ஒரு தடவைகூட அந்த விமானங்களில் ஏறிப் பறந்ததில்லை என்பது நாங்கள் கேட்டபோது வெளியே வந்தது. “நான் பறந்துட்டா கீழ என்ஜினை யாரு பாக்குறது?” என்றார் மாமா இன்னாசிமுத்து. அப்பாவும் ஆமாம் என்று தலையாட்டினார். ஜெட்டுக்கு அடுத்து அவர்கள் ஒத்துப்போன விஷயம் அது.

அப்பாதான் முதலில் போனார். அடக்கம் முடிந்து சில வாரங்கள் மாமா வரவில்லை. பிறகு ஒரு ஞாயிறு வந்தார். சாப்பிட்டார். வராந்தாவுக்குப் போய் உட்கார்ந்தார். லூர்து எதிர் நாற்காலியை எடுத்துவிடப் போனார். “இருக்கட்டும்ப்பா” என்றார் மாமா. தெருவைப் பார்த்துக்கொண்டே தானாக ஆரம்பித்தார்: குளிர்காலத்தில் ட்வின் வாஸ்ப்பைக் கிளப்புவது எவ்வளவு சுலபம், கையால் புரொப்பல்லரை நாலு சுற்று சுற்றிவிட்டால் போதும். சொல்லிவிட்டு நிறுத்தினார். காத்திருந்தார். எங்களுக்கு என்ன தெரியும்?

“இதுக்கு சாலமோன் என்ன சொல்லுவாருன்னா,” என்று அவரே தொடர்ந்தார். அப்பாவைப் போலவே முதலில் ஒரு ‘ஓ’ சொன்னார். பிறகு மெர்லினுக்காகப் பேசினார். ஒரு வார்த்தை விடாமல், அப்பாவின் கோபத்தோடு, நாற்காலிக் கையை அப்பா தட்டுகிற இடத்தில் தட்டி, அப்பாவைவிட நன்றாகவே பேசினார். முடித்துவிட்டு, “அதுவும் சரிதான்” என்றார். அப்பா இருந்தவரை ஒரு நாளும் அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நாங்கள் கேட்டதில்லை.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பக்கத்துக்கும் அவரே பேசினார். வயதாக ஆக மெர்லின் அதிகமாக ஜெயித்தது. பிறகு அவரும் போய்விட்டார்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்புதான். பிள்ளைகள் வருகிறார்கள், பேரப்பிள்ளைகள் வருகிறார்கள். நல்ல பிள்ளைகள், ஒருவரோடு ஒருவர் சண்டையே கிடையாது. சாப்பிட்டதும் ஆளுக்கொரு அறையில் எல்லோரும் தூங்கிவிடுகிறோம்.